இருபத்தேழாம் செடியின் கடைசிப் பூ

பண்ணையில் அவளுக்கு ‘நூலு’ என்று பெயர். இடுப்பில் எப்போதும் ஒரு நூல்கண்டு செருகியிருக்கும். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவள். களை பறிக்க வந்தவள், பூசணிக்குக் கலியாணம் செய்துவைப்பவளாக மாறிப் பதினோரு வருடம் ஆகிறது. நாலு பேர் கூடி நின்றால் மருந்துத் தெளிப்பானுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாள். ஆனால் ஒரு மொட்டைப் பார்த்து “நாளைக்கு” என்று சொல்லிவிட்டால் அது நாளைக்குத்தான் விரியும்.

விரியப்போகும் ஆண்மொட்டையும் பெண்மொட்டையும் முந்தின சாயங்காலமே நூலால் கட்டிவிட வேண்டும், தேனீ நுழையாதபடி. விடிந்ததும் கட்டவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவி, திரும்பக் கட்டி, அப்பன் செடி எது, அம்மா செடி எது என்று எழுதிய அட்டையைக் காம்பில் மாட்ட வேண்டும்.

அந்த வருடம், புது ரகம் உருவாக்கிக்கொண்டிருந்த ஆராய்ச்சி மேடத்தின் உயிர் இருபத்தேழாம் செடியில் இருந்தது. எண்பது நாளில் காய் முற்றிவிடும். ஆனால் காய் ஒரு கைப்பிடிதான். அதை, நாலு மாதம் காக்கவைத்துப் பெருங்காய் தரும் ரகத்தோடு சேர்க்க வேண்டும். அதற்குள் சாம்பல் நோய் வந்து எல்லாப் பிஞ்சும் உதிர்ந்தது. அட்டவணைப்படி அந்தச் செடியில் மிச்சம் ஒரே ஒரு பெண்பூ.

காலையில் நூலு போய்ப் பார்த்தால், அந்தப் பூவின் கட்டு தளர்ந்திருந்தது.

கூட வேலை செய்யும் நாத்தனார் எட்டிப் பார்த்தாள். “ஒரு அரிசி போற சந்துதான் அண்ணி. தேனீ என்ன, வயித்த எக்கிக்கிட்டா உள்ள போகும்? தடவி அட்டையை மாட்டு.”

நூலு குனிந்து பார்த்தாள். பெண்பூவின் நடுவே இருப்பதும் மஞ்சள்தான். வேறு மகரந்தம் ஒட்டியிருந்தாலும் பிடிபடாது.

“போகலைன்னு என்னால சொல்ல முடியாது” என்றவள், பூவைக் காம்போடு கிள்ளிவிட்டாள்.

நாத்தனார் தலையில் கைவைத்தாள். “போச்சு! மேடம் உன்னைப் புதைச்சு உரமாக்கப் போறாங்க.”

மேடம் வந்தார். கிள்ளிய பூவைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. “என்னைக் கேக்காம எப்படிப் பறிச்சே? மூணு வருஷ உழைப்பு!”

நூலுவுக்கு ஒளிந்துகொள்ளத் தெளிப்பான்கூடப் பக்கத்தில் இல்லை. “கட்டுனது நான்தான் மேடம். சரியாக் கட்டல. அப்பன் யாருன்னே தெரியாத காய்க்கு அட்டை மாட்டியிருந்தா, நீங்க அடுத்த மூணு வருஷமும் அதையே நம்பிக்கிட்டிருப்பீங்க.”

மேடம் கிள்ளிய பூவை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கோபம் மட்டும் அப்படியே இருந்தது. “சரி, பூவுக்கு எங்க போறது?”

“இன்னொண்ணு வரும். கிழக்கால போற கிளைக்கொடியில, மூணாவது இலைக்கு அடியில இருக்கு. பட்டாணி அளவு. நேத்துத்தான் பாத்தேன், இன்னும் அட்டவணையில ஏறல. ஆறு நாளாகும்.”

“அப்பன் பாத்தியை, அந்தப் பெருங்காய் ரகத்தை, நாளைக்கு உழப் போறாங்களே?”

“ரெண்டு செடியை விடச் சொல்லுங்க. போதும்.”

“ஆறாம் நாள் விரியலைன்னா?”

“விரியும்.”

மேடம் டிராக்டர்காரரைத் தேடிப் போனார்.

மறுநாள் டிராக்டர் பாத்தி முழுவதையும் புரட்டிவிட்டு, இரண்டே இரண்டு செடியைச் சுற்றி வளைந்து போனது. நூலு அந்த இரண்டுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் அவற்றில் ஓர் ஆண்மொட்டைக் கட்டிவிட்டு, இருபத்தேழாம் செடியின் பெண்மொட்டுக்கு இரட்டைக் கட்டுப் போட்டு, மேலே துணிப்பையும் மாட்டினாள்.

“பட்டுப்புடவை ஒண்ணுதான் பாக்கி” என்றாள் நாத்தனார்.

“வாயை மூடிக்கிட்டு முடிச்சை இழுத்துப் பாருடி.”

இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. ஆறாம் நாள் காலை பூ விரிந்திருந்தது. நூலு மகரந்தத்தைத் தடவும்போது மேடம் மூச்சுவிடாமல் நின்றார். நாலு நாள் கழிந்தும் பிஞ்சு உதிராமல் பருத்தது.

அந்தக் காயின் விதைகள் அடுத்த பருவத்தில் இருபத்திரண்டு செடிகளாயின. எண்பத்தாறாம் நாள் முதல் காயை அறுத்துத் தராசில் வைத்தார்கள். நாலு கிலோ இருநூறு. மேடம் நம்பாமல் எடுத்து மறுபடி வைத்தார். அதே எடை.

“இன்னொரு தரம் வைக்கட்டுமா மேடம்?” என்று கேட்டாள் நூலு. அன்று கொட்டகையில் பத்துப் பேர் இருந்தார்கள். அவள் தராசுக்கு முன்னால் நின்றாள்.