நாற்பதாயிரம் பேருக்குத் தெரிந்த குடும்பம்

ஐந்தருவிப் பாதையில் ஸ்கூட்டரை ஓரங்கட்டி, போனைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிவிட்டு, உமாராணி முகத்தைச் சாரலுக்குக் காட்டுகிறாள். கன்னத்தில் ஈரம் இறங்கியதும், "பொண்டாட்டின்னு ஒருத்தி இருக்கதையே மறந்துட்டாரு, மக்களே" என்று ஆரம்பிக்கிறாள். கண்ணீருக்கு மெனக்கெட வேண்டியதில்லை. சீசன் நேரத்தில் குற்றாலமே அவளுக்காக அழுதுவிடும். கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "கல்யாணப் பொண்ணு அலங்காரத்துக்கு நம்பர் கீழ இருக்கு."

தென்காசியில் ஒற்றை அறைப் பார்லர். வேலை படு சுத்தம். ஜடை அலங்காரத்தில் அவளை அடிக்க ஆளில்லை. மூன்று வருஷம் அந்த ஜடைகளைத்தான் வீடியோ போட்டாள். எண்ணூறு பேர் பார்த்தார்கள். மாசியில் பட்டாளத்திலிருந்து லீவில் வந்த கணவன் பேச்சிராஜ், சண்டை போட்டுக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே ரயிலேறினான். எல்லா வீட்டிலும் நடக்கிற சண்டைதான். வயிற்றெரிச்சலில் அதைப் பேசிப் போட்டாள். ஒரே நாளில் லட்சம் பேர்.

அப்புறம் விட மனசு வருமா? மாமியார் பிள்ளையில்லாக் குறையைச் சொல்லிக் காட்டியது, புருஷன் முதுகைக் காட்டிப் படுத்தது என்று வாரத்துக்கு ஒன்றாக அவிழ்த்துவிட்டாள். நடந்தது தீர்ந்ததும் நடக்காததைச் சேர்த்தாள். "நாங்க பிரிஞ்சுதான் இருக்கோம்" என்றது அப்படிச் சேர்த்ததில் ஒன்று.

ஃபாலோயர்கள் நாற்பதாயிரம் ஆனார்கள். "தைரியமா இருங்க அக்கா" என்று சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறவள் தென்காசிக்கு வந்தா ஜடை போட்டுக்கொள்ளப் போகிறாள்? அசிங்கமாக எழுதுகிற ஆண்கள் தனி. அவர்களையும் இவள் தடுப்பதில்லை. "அவனுவ எழுதினாலும் எண்ணிக்கை ஏறுதுல்லா" என்பாள்.

முகாமில் கூட இருந்தவர்கள் பேச்சிராஜுக்குக் காட்டிவிட்டார்கள். ஒரே ஒரு தடவை கூப்பிட்டான்.

"ஏட்டி, நான் எப்போ உன்னைய விட்டுட்டுப் போனேன்?"

"தொழிலுக்காவச் சொன்னது. நீங்க ஏன் பெருசா எடுத்துக்கிடுதிய?"

"சரி. அந்தத் தொழிலையே கட்டிக்கிட்டு அழு."

ஆடி லீவுக்கு அவன் வரவில்லை. அதையும் வீடியோவாகப் போட்டாள், பாவி.

ஆவணி பிறந்ததும் பேசி வைத்திருந்த மூன்று கல்யாணங்கள் கைவிட்டுப் போயின. யாரும் காரணம் சொல்லவில்லை. நாலாவது பண்பொழியில். "இந்த அக்காதான் வேணும்" என்று பெண் அடம்பிடித்ததால் அது மட்டும் கையில் தங்கியது. இதுவும் போனால் பார்லரைப் பூட்ட வேண்டியதுதான் என்று உமாராணிக்குத் தெரியும். விடியலிலேயே போய்ப் புடவை மடிப்பெடுத்து, முகம் திருத்தி, ஜடையை முடித்தாள். பூவும் பொட்டும்தான் பாக்கி. பெண்ணின் அத்தை முத்துவடிவு தாம்பாளத்தோடு குறுக்கே வந்து நின்றாள்.

"எல்லாம் லட்சணமாப் பண்ணியிருக்கம்மா. பூவும் பொட்டும் நாங்க வச்சுக்கிடுதோம். வாழாவெட்டி கை படண்டாம்னு மாப்பிள்ளை வீட்டுல ஒரு பேச்சு."

"நான் வாழுதேன் பெரியம்மா. அவரு பட்டாளத்துல இருக்காரு. விட்டுட்டெல்லாம் போகல."

"நீதானம்மா சொன்ன? எல்லாரும் பார்த்தோம்லா."

உமாராணி அங்கேயே பேச்சிராஜின் நம்பரை அழுத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள். மணி முழுசாக அடித்து ஓய்ந்தது. கல்யாணப் பெண் குனிந்து வளையல்களைத் திருகிக்கொண்டிருந்தாள்.

முத்துவடிவு பூச்சரத்தை ஜடையில் வைத்தாள். குத்துவதற்கு ஊசி வேண்டுமே. உமாராணி கொண்டை ஊசிகளை உள்ளங்கையில் பரப்பி நீட்டினாள். முத்துவடிவு அந்தக் கையில் விரல் பட்டுவிடாமல் நுனி நகத்தால் ஒன்றை எடுத்தாள், இன்னொன்றை எடுத்தாள். மிச்ச ஊசிகளை உமாராணி மேஜைமேல் வைத்துவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள்.