முப்பத்துநாலாம் நம்பர் அட்டை

அறுபதுகளின் நடுவில் என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. யாரோ ஒரு மில் முதலாளி ஓட்டிச் சலித்துத் தள்ளிவிட்டது. நான்கு பின்னல் மெஷின் வைத்துப் பனியன் போட்டுக்கொண்டிருந்த எனக்கு அது அதிகம்தான். ஆனாலும் காரில் போய் இறங்கும்போது வரும் மிதப்பு எனக்கு வேண்டியிருந்தது. காரைப் பற்றி எல்லாம் தெரியும் என்ற மிதப்பு அதைவிடப் பெரியது. அந்த மிதப்பு செய்த காரியத்தைத்தான் எழுதப் போகிறேன்.

பனியன் பெட்டி அட்டை திருப்பூரில் எதற்குத்தான் பயன்படவில்லை? மேசைக் கால் ஆடினால் அட்டை, ஜன்னல் கண்ணாடி உடைந்தால் அட்டை, வேர்த்தால் விசிறிக்கொள்ளவும் அட்டை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெட்ரோலில் காற்றைக் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரைக் கழற்றித் துடைத்தேன். அது இஞ்சினோடு சேரும் இடத்தில், வெளிக்காற்று புகாமல் இருக்க ஒரு கேஸ்கட் வைத்திருப்பார்கள். கழற்றும்போது அது பிய்ந்துவிட்டது. புதியது வாங்கக் கோயமுத்தூர் போகவேண்டும். எனக்கா பொறுமை? பெட்டி மூடி ஒன்றை எடுத்து, பனியன் துணி வெட்டும் கத்தரியால் அதே அளவுக்கு வெட்டி, கிரீஸ் தடவி வைத்து முடுக்கினேன். வண்டி ஜம்மென்று கிளம்பியது. பக்கத்து அறையில் பெட்டிகளில் பனியன் அடுக்கிக்கொண்டிருந்த என் மனைவியிடம் இதைச் சொல்லவில்லை. அவளுக்கு அப்போது நிறைமாதம். வலி எடுத்தால் நம் காரிலேயே போய்விடலாம் என்று தைரியமாக இருந்தாள்.

நான்கு நாள்கூட அட்டை தாங்கவில்லை. வேகமாகப் போனால் ஒன்றும் தெரியாது. நிறுத்தி, சும்மா ஓடவிட்டால் இஞ்சின் குளிர்காய்ச்சல் வந்தவன்போல உதறும், பிறகு நின்றுவிடும். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஷெட் வைத்திருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதிகம் பேசமாட்டார். பிளக்கை மாற்றினார், பாயிண்டைத் தேய்த்தார். உதறல் போகவில்லை. குனிந்து கொஞ்ச நேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"எங்கியோ காத்து வாங்குதுங்க. கார்பரேட்டர யாராச்சும் கழட்டுனாங்களா?"

"இல்லீங்களே."

"ஒருக்கா கழட்டிப் பாத்தரலாமுங்க."

"அதுல கை வெக்க வேண்டாமுங்க. பிளக்கு புதுசு, ஓட ஓடச் செரியாப் போயிரும்."

அட்டையைப் பார்த்தால் சிரிப்பார் என்ற வெட்கம். வேறு காரணமே கிடையாது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு பானெட்டை மூடினார்.

இரண்டு நாள் கழித்து, காலை பத்து மணிக்கு என் மனைவிக்கு வலி கண்டது. எங்கள் தெருவில் பிரசவம் பார்க்கும் நர்சம்மா வந்து வயிற்றைத் தொட்டதுமே முகம் மாறிப்போனார். "கொழந்த குறுக்க கெடக்குதுங்க. இங்க வெச்சுப் பாக்க முடியாது. இப்பவே கோயமுத்தூர் போயாகோணும். நானும் வாரேன்." அன்று நல்ல முகூர்த்தம். ஊரிலிருந்த வாடகைக் கார் அத்தனையும் கல்யாணங்களுக்குப் போயிருந்தன. என் கார் ஒன்றுதான் இருந்தது.

மனைவியைப் பின் சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்துக் கிளம்பினேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. நிறுத்தினேன். இஞ்சின் உதறியது, நின்றது. ரயில் போய்க் கேட் திறந்தது. மாட்டுவண்டிகள்கூட எங்களைத் தாண்டிப் போயின. ஸ்டார்ட்டரை அழுத்தி அழுத்தி பேட்டரி செத்தது. இறங்கி முன்னால் போய்க் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். ஒரு சுற்றுக்கு ஒருமுறை முருகா என்றேன். உள்ளே அவள் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவது எனக்குக் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கேட்டைத் தாண்டி ஷெட்டுக்கு ஓடினேன். மெக்கானிக் பையைத் தூக்கிக்கொண்டு என்னோடு ஓடிவந்தார். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். 'அட்டை' என்ற ஒரு வார்த்தை போதும், நேராக அங்கே கை வைத்திருப்பார். நான் சொன்னதோ, "நீங்க பாத்த வண்டிதானுங்க, நின்னு போச்சு" என்றுதான். நல்ல மனிதர், தன் கைவேலையில்தான் தப்போ என்று சந்தேகப்பட்டு, முதலில் தான் மாட்டிய பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாயிண்டைப் பார்த்தார். பெட்ரோல் வருகிறதா என்று குழாயைப் பிடுங்கி ஊதினார். அரை மணி நேரம் அப்படிப் போனது. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். என்னைச் செருப்பால் அடித்திருக்கவேண்டும்.

"சோக்க முழுசா இழுத்துப் புடிங்க" என்று சொல்லிவிட்டு அவரே கைப்பிடியைச் சுற்றினார். இஞ்சின் பிடித்துக்கொண்டது. காற்றைக் குறைக்கும் அந்தச் சோக்கைக் கொஞ்சம் உள்ளே தள்ளினேன், துடித்தது. மறுபடி இழுத்தேன், நிமிர்ந்தது.

"காத்து சாஸ்தியாப் போகுது, அதானுங்க. சோக்க இழுத்துட்டே கோயமுத்தூர் போக முடியாது. தண்ணி இருக்குதுங்களா?"

நர்சம்மா கூஜாவை நீட்டினார். என் மனைவிக்குக் குடிக்கக் கொண்டுவந்த தண்ணீர். மெக்கானிக் அதைக் கார்பரேட்டரின் அடிப்பக்கம் சொட்டுச் சொட்டாக விட்டார். ஓர் இடுக்கு உஸ்ஸென்று தண்ணீரை உள்ளே இழுத்தது. அந்த ஒரு நொடி இஞ்சின் சத்தம் சீராகி, மறுபடி உதறியது.

"இங்கதானுங்க" என்றார்.

கொதிக்கிற இஞ்சினில் விரல் சுட, நட்டுகளைக் கழற்றினார். உள்ளே என் அட்டை பெட்ரோலில் ஊறி, பாதி பிய்ந்து, இஞ்சினுக்குள் போயிருந்தது. மிச்சப் பாதியில் நீல மையில் முப்பத்துநாலு என்ற சைஸ் நம்பர் அழியாமல் இருந்தது. தினமும் நூறு பெட்டி அடுக்குகிறவளுக்கு அந்த நீலம் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

அவர் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்று பின் சீட்டிலிருந்து என் மனைவி கேட்டாள்.

அவர் உள்ளங்கையை மூடினார். "கேஸ்கட்டு போயிருச்சுங்கம்மா. இப்ப ஆயிரும்" என்றார். அட்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, கருவிப் பையிலிருந்த கேஸ்கட் வெட்டும் தாளைக் கார்பரேட்டர் விளிம்பின்மேல் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டி அளவாக அறுத்தெடுத்தார். மாட்டி முடித்ததும் இஞ்சின் ஒரு சிணுங்கல் இல்லாமல் ஓடியது. கேட்டில் நாங்கள் நின்றது ஒன்றே கால் மணி நேரம்.

ஆண் குழந்தை. அழவே இல்லை. "இன்னுங் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார் டாக்டரம்மா. என் மனைவி பிழைத்தாள். அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அவள் சுவரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "அந்த மெக்கானிக்குத்தானுங்க வலி வாறதுக்கு ரெண்டு நாளு முன்னாடி வண்டியில கைய வெச்சாரு?"

"ஆமா அம்மிணி" என்றேன். பொய் இல்லைதான். ஆனால் அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை. அன்றிலிருந்து அவரைக் கண்டால் அவள் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். சந்தையில் ஒருமுறை எதிரே வந்து அவர் கும்பிட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் காய்கறிப் பையைப் பிடித்தபடி பக்கத்தில் நின்றேன். அவர் கூப்பிய கையை இறக்கிக்கொண்டு நடந்தார்.

சில வருடம் கழித்து அவர் இறந்துபோனார். "நீங்க போயிட்டு வாங்க, நான் வரமாட்டேன்" என்றாள் என் மனைவி. தனியாகப் போய்த் துக்கம் விசாரித்தேன். கிளம்பும்போது அவருடைய மனைவி வாசல்வரைக்கும் வந்தார்.

"ஏனுங்க, உங்கூட்டு அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"என்னதுங்க?"

"என்னமோ எனக்கு வெவரந் தெரியாதுங்க. அந்தக் காரு விசயத்துல எம்மேல தப்பில்லீன்னு நீங்களே ஒரு நாளைக்கு அந்தம்மாகிட்டச் சொல்லுவீங்கன்னு எங்கூட்டுக்காரரு கடேசி வரைக்கும் சொல்லீட்டே இருந்தாருங்க."

"சொல்லிட்டேனுங்க" என்றேன்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க நல்லாயிருக்கோணும் சாமி" என்று என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.