நான் கேக்கல

இது கட்டிய கதை அல்ல. 1985 ஆகஸ்டில், ஜூரோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பட்டப்பகலில் நடந்தது. உர்சுலா ஒருமுறை சொன்னாள். அன்று அங்கே இருந்த பாலகிருஷ்ணன் என்பவர் தனியாக ஒருமுறை சொன்னார். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தாயிற்று. வித்தியாசமே இல்லை. நம்பாதவர்கள் நம்பாமலே இருக்கட்டும்.

உர்சுலாவுக்கு அன்று அண்ணன் மேல் அடங்காத கோபம். தம்பி இயேசுதாசன் ஜாலான் புசாரில் லாரி மோதிச் செத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. காதில் வாக்மேன் ஹெட்போன் மாட்டியிருந்தான், ஹார்ன் அடித்தும் திரும்பவில்லை என்றான் லாரிக்காரன். அவன் தன் தலையைக் காப்பாற்றிக்கொள்ள அப்படிச் சொன்னான். சரி. அண்ணன் அந்தோனிக்கு என்ன வந்தது? போலீஸில் அதற்குத் தலையாட்டிவிட்டு வந்ததோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் மாதா கோயில் பையன்களைக் கூட்டி வைத்துப் புத்தி சொன்னான்: "பாட்டு கேட்டுட்டே ரோட்ல போனான் என் தம்பி. உங்களுக்கும் அந்தக் கதி வேணாம்."

செத்தவனுக்குச் செவிடன் பட்டம். கொடுத்தது கூடப் பிறந்தவன்.

தாசன் அந்த வாக்மேனில் பாட்டே கேட்டதில்லை. அவனுக்கு அது கம்ப்யூட்டரின் ஓர் உறுப்பு. ஏதோ ஆபீஸ் கழித்துப் போட்ட பழைய கம்ப்யூட்டர் அது. அணைத்தால் எல்லாம் மறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கேசட்டிலிருந்து புரோகிராமை அதற்கு ஊட்ட வேண்டும். கடைகளில் விற்ற புது ரெக்கார்டர் ஒன்றும் அந்தக் கிழட்டு மெஷினோடு ஒத்துப்போகவில்லை. இந்த வாக்மேன் மட்டும் ஒத்துப்போயிற்று. அதுவும் வால்யூம் சக்கரம் ஏழில் நின்றால்தான். ஆறில் வைத்தால் கம்ப்யூட்டருக்குக் காதில் விழாது. எட்டில் வைத்தால் உளறும்.

அந்த ஏழுக்கு நேராக உர்சுலாவின் நகப்பூச்சால் ஒரு சிவப்புப் பொட்டு வைத்திருந்தான். சக்கரம் மயிரிழை நகர்ந்திருந்தாலும் வீடு இரண்டாகும். "யார் தொட்டது?"

அந்தோனி கம்ப்யூட்டர், வாக்மேன் எல்லாவற்றையும் விற்றுவிட முடிவு செய்தான். உர்சுலா தடுத்தாள். நான்தான் மூத்தவன் என்றான். அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்குப் பாலகிருஷ்ணன் செம்பவாங்கிலிருந்து வந்தார். மகனுக்கு வாங்குகிறார். ஓடுவதைக் கண்ணால் பார்த்துத்தான் எடுப்பேன் என்றார்.

போலீஸ் திருப்பிக் கொடுத்த காகிதப் பை அதுவரை பிரிக்கப்படாமல் கிடந்தது. அந்தோனி பிரித்தான். வாக்மேன். உள்ளே கேசட். உர்சுலா சமையலறை வாசலில் கை கட்டி நின்றாள். ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டாள்.

அந்தோனி புது பேட்டரி போட்டான். வயரைச் சொருகினான். சக்கரத்தை மூன்றில் வைத்தான். பட்டனை அழுத்தினான்.

சத்தமே இல்லை. திரை காத்திருந்தது.

மறுபடி அழுத்தினான். ஒன்றுமில்லை. "பழசு லா, விடுங்க," என்று பாலகிருஷ்ணன் எழுந்தார்.

மூன்றாவது தடவை...

கீ...ஈ...ஈ...ஈ...

கம்ப்யூட்டரின் வயிற்றிலிருந்து அந்தக் கீச்சொலி. புரோகிராம் ஏறும் சத்தம். பாலகிருஷ்ணன் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் வாக்மேனைப் பார்த்தார்.

"மூணுல வச்சீங்களே. ஏழுல இருக்கு?"

அந்தோனி தங்கையை முறைத்தான். அவள் பத்தடி தள்ளி நின்றாள். அவன் சக்கரத்தை வெடுக்கென்று மூன்றுக்குத் திருப்பி, கட்டைவிரலை அதன் மேலேயே வைத்துக்கொண்டான்.

கட்டைவிரலுக்கு அடியில் சக்கரம் நகர்ந்தது.

மெதுவாக...

நான்கு. ஐந்து...

அவன் கையை உதறினான். சிவப்புப் பொட்டில் போய் நின்றது.

கீச்சொலி நின்றது. திரையில், ஆங்கில எழுத்தில், தமிழ்.

யார்?

உர்சுலா அதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். தாசனின் விளையாட்டு. பெயரை அடித்தால் ஆளுக்கொரு கிண்டல் வரும். அவள் பெயருக்கு, 'நெயில் பாலிஷ் குடு அக்கா'. அந்தோனி பெயருக்கு, 'அண்ணே, தொடாதே'.

அந்தோனி தன் பெயரை அடித்தான். 'அண்ணே, தொடாதே' வரவில்லை.

நான் கேக்கல.

அடுத்த வரி. நான் கேக்கல.

அதற்கடுத்த வரி...

திரை நிரம்பியது. நிரம்பி, மேலே ஓடியது. நிற்கவில்லை. அந்தோனி பிளக்கைப் பிடுங்கினான்.

பாலகிருஷ்ணன் குடையை மறந்துவிட்டுப் போய்விட்டார்.

அந்தோனி வயரைச் சுருட்டினான். கூப்பிட்டால் காது கேட்கவில்லையா என்று தான் திட்டுவதற்குப் பதில் சொல்வதுபோல் தாசன் எப்போதோ மாற்றி எழுதி வைத்த நக்கல் அது என்றான். இருக்கலாம். உர்சுலாவும் பாதி நம்பினாள். ஆனால் கேக்கல என்றால் காதில் விழவில்லை என்று மட்டுமா, பாட்டு கேட்கவில்லை என்றும் அர்த்தம் உண்டே?

அன்று மாலை அவள் தனியாக வாக்மேனை மறுபடி ஓட்டிப் பார்த்தாள். கேசட் அசையவே இல்லை.

மறுநாள் டன்லப் ஸ்திரீட்டில் ரவூப் கடைக்கு எடுத்துப் போனாள். ரவூப் ரேடியோ, டேப் பழுது பார்ப்பவர். வாக்மேனில் இருந்த சிவப்புப் பொட்டைப் பார்த்ததுமே சீறினார்.

"தாசன் உங்க தம்பியா? வரேன்னு போன் பண்ணிட்டு ஆளையே காணோம். நான் வேற வேலையை விட்டுட்டு பெல்ட் தேடி வாங்கி வச்சேன்."

உர்சுலா விஷயத்தைச் சொன்னாள். ரவூப் மூடியைக் கழற்றினார். கேசட்டைச் சுற்ற வைக்கும் மெல்லிய ரப்பர் பெல்ட் இரண்டு துண்டாகக் கிடந்தது.

"என்னிக்குப் போன் பண்ணான்?"

ரவூப் சொன்ன நாள், லாரி மோதிய நாள். காலையில் போன் பண்ணி, பெல்ட் அறுந்துவிட்டது, டேப் சுற்றவில்லை என்று சொல்லியிருக்கிறான். மத்தியானத்துக்குள் கொண்டு வரச் சொல்லியிருக்கிறார் ரவூப். ஜாலான் புசார் வழியாக அவன் வந்துகொண்டிருந்தது இந்தக் கடைக்குத்தான்.

ரவூப்பின் போனிலிருந்தே அண்ணனைக் கூப்பிட்டாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் அந்தோனிக்குத் தேவலை.

"அவன் கிளம்புறதுக்கு முன்னாடியே பெல்ட் அறுந்து கிடந்துச்சு அண்ணே. அதுல எதையும் கேக்க முடியாது. வர்ற ஞாயித்துக்கிழமை அந்தப் பையன்கள நிக்க வச்சு இதையும் சொல்லுங்க."

மறுமுனையில் அந்தோனி சொல்கிறேன் என்றான். பிறகு, மிகவும் தணிந்த குரலில்...

"உர்சுலா... அப்போ நேத்து எது சுத்துச்சு?"