இருபது பேரும் நார்மல்

அரசுப் பணத்தில் நடக்கும் அந்தப் பாலர் பள்ளியில் கைகழுவும் குழாய் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று செக்லிஸ்ட் சாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். தரையிலிருந்து இருபத்திரண்டு அங்குலம். வேலி நான்கடி. ஒரு குழந்தைக்கு முப்பத்தைந்து சதுர அடி. இருபது குழந்தைகளுக்கு இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவருக்காவது சான்றிதழ். சோப்பு தண்ணீராக இருக்க வேண்டும், கட்டியாக இருக்கக் கூடாது. இருநூற்றுப் பதினெட்டுப் பக்கக் கையேட்டைக் கரைத்துக் குடித்த மனிதர். அந்த இருபது பேரில் யாருக்கு வாழைப்பழம் ஆகாது, யாருக்குத் தூங்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால் மட்டும் முழிப்பார். அதெல்லாம் எந்தப் பக்கத்திலும் இல்லையே, பாவம் அவர் என்ன செய்வார்.

செக்லிஸ்ட் சார் என்பது பள்ளியில் பெருக்கித் துடைக்கிற ஆயா வைத்த பெயர். அதற்கு முன்னால் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் அளவுக்கு யாரும் கவனித்ததில்லை. கல்வி அலுவலகத்தில் தற்காலிக ஊழியராக நுழைந்து, பத்து வருடம் கோப்புகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தார். பாலர் பள்ளித் திட்டம் வந்தபோது கையேடும் வந்தது. அதைப் பார்த்த அதிகாரிகள் ஒருவர் மேசையிலிருந்து இன்னொருவர் மேசைக்குத் தள்ளிவிட்டார்கள். கடைசியாக அது லேபிள் மேசையில் வந்து நின்றது. இவர் வீட்டுக்கு எடுத்துப்போய் வரி விடாமல் படித்துவிட்டு வந்து, யார் எதைக் கேட்டாலும் பக்க எண்ணோடு சொன்னார். ஆள் கிடைத்துவிட்டார் என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். ஒரே மாதத்தில் அவர் பள்ளியின் நிர்வாகி.

அன்றிலிருந்து சட்டைப்பையில் அளவு டேப். உறவினர் யாராவது புது வீட்டைப் பார்க்கக் கூப்பிட்டால்கூட அதை உருவிவிடுவார். மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போய், மாடிப்படிக் கைப்பிடியை அளந்து, உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்கு அனுமதி கிடைக்காது."

"யாருங்க உங்ககிட்ட அனுமதி கேட்டா? சாப்பிட வாங்க மாப்ள, ஆறிப்போகுது," என்றார் அண்ணன்.

பள்ளியில் அப்படிச் சொல்ல ஆளில்லை. விளையாட்டுச் சாமான்கள் குழந்தைகளின் கைக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்பது கையேட்டின் அறுபத்திரண்டாம் பக்கம். செக்லிஸ்ட் சார் தாழ்வான அலமாரி அடித்து, மரக்கட்டைகள், பொம்மை வண்டிகள் எல்லாவற்றையும் நிறவாரியாக அடுக்கி வைத்தார். அடுக்கிய கையோடு, ஒன்றையும் தொடக் கூடாது என்று குழந்தைகளைப் பழக்கினார். தொட்டால் தொலையும், தொலைந்தால் இருப்புப் பட்டியல் இடிக்கும். சான்றிதழ் வாங்கிய டீச்சர் ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டாள், பிள்ளைகள் எப்போதுதான் விளையாடுவது என்று.

"எட்டணும்னுதான் போட்டிருக்கு டீச்சர். எடுக்கணும்னு எங்க போட்டிருக்கு?"

ஆய்வுக்கு வந்தவரும் அலமாரியின் உயரத்தை அளந்து, டிக் அடித்துவிட்டுப் போனார். தொடர்ந்து மூன்று வருடம் முதல் இடம். மூன்று சான்றிதழ்கள் சட்டம் போட்டுச் சுவரில் தொங்கின. அவற்றுக்குக் கீழே இருபது குழந்தைகள் கையைக் கட்டிக்கொண்டு பொம்மைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தன. வயிறு எரியும் காட்சி அது.

இந்த வருடம் அந்த இருபதில் ஒன்று அவருடைய சொந்தப் பிள்ளை. நாலேகால் வயதைத் தாண்டிச் சேர்ந்தான். பேச்சு சரியாக வரவில்லை. நாலைந்து வார்த்தைதான், அதுவும் மழலை. மனைவி கவலைப்பட்டாள். அவள் பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுன்ட்டரில் இருப்பவள், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களின் வாயைப் பார்த்தே ஊரைச் சொல்லிவிடுவாள். பேசும்போது பிள்ளையும் அவள் வாயையே பார்ப்பது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

"நானும் லேட்டாத்தான் பேசினேனாம்," என்று செக்லிஸ்ட் சார் அதை மூடிவிட்டார்.

சேர்ந்த நாற்பத்தைந்து நாளுக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் காதும் கண்ணும் சோதிக்க வேண்டும் என்பது விதி. அதற்கென்று ஒரு பச்சைக் கோப்பு. கண் சோதனை முடிந்துவிட்டது. காதுக்கு நர்ஸ் ஒரு கருவியோடு வர வேண்டும். கருவி பழுது என்றார்கள். அடுத்த வாரம் என்றார்கள். மறுபடி பழுது என்றார்கள். நாற்பத்து நான்காம் நாள் செக்லிஸ்ட் சார் பச்சைக் கோப்பை நாலு தடவை திறந்து மூடினார். காது சோதிக்கவில்லையே என்று கலங்கவில்லை. கட்டங்கள் காலியாக இருக்கின்றனவே என்றுதான்.

நாற்பத்தைந்தாம் நாள் காலை, குழந்தைகள் பாயில் உட்கார்ந்திருந்தபோது, பின்வாசலில் நின்று பலமாக ஒருமுறை கை தட்டினார். இருபது தலைகள் திரும்பின. நாற்பது காதுகளை ஒரே தட்டில் சோதித்து முடித்த மேதை, அறைக்குப் போய்ப் போன வருடத்துப் படிவத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டார். வலது இருபது டெசிபல், இடது இருபது டெசிபல், நார்மல். அடுத்ததும் நார்மல். பதினான்காம் எண்ணில் தன் பிள்ளையின் பெயரைப் பார்த்தபோதும் பேனா நிற்கவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது.

அதே பட்டியலில் ஒன்பதாம் எண் ஒரு பெண்குழந்தை. அவளை டீச்சர் அழுத்தக்காரி என்று கூப்பிடுவாள். எழுந்திரு என்றால் உட்கார்ந்திருப்பாள், மூலைக்குப் போ என்றால் முறைப்பாள். பாதி நாள் சுவரைப் பார்த்து உட்கார வைத்தார்கள். அவளுடைய அம்மா தையல் யூனிட்டில் துணி வெட்டுகிறவள். பள்ளியிலிருந்து புகார்ச்சீட்டு போனதும், அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து நின்றாள்.

"சார், காது கீது எதுவும் பார்க்கணுமா? சில நேரம் கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா."

செக்லிஸ்ட் சார் பச்சைக் கோப்பைத் திருப்பிக் காட்டினார்.

"பாத்தாச்சும்மா. வலது இருபது, இடது இருபது. காது அருமையா இருக்கு. வீட்டுல கொஞ்சம் கண்டிச்சு வைங்க."

துணி வெட்டுகிறவள் அந்த எண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையாட்டிவிட்டுப் போனாள். அச்சடித்த தாளில் எண் போட்டுக் கையெழுத்தும் இருந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்.

நாலு மாதம் போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அடுப்பில் குக்கர் விசில் அடித்தது. கூடத்தில் படுத்திருந்த பூனை துள்ளி எழுந்து ஓடியது. அது படுத்திருந்த இடத்துக்குப் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த பிள்ளை அசையவே இல்லை. மனைவி கையிலிருந்த தட்டை வேண்டுமென்றே தரையில் போட்டாள். அப்போதும் இல்லை.

"என்னங்க, இவனுக்குக் காதுல ஏதோ இருக்கு."

செக்லிஸ்ட் சார் என்ன செய்தார் தெரியுமா? எழுந்து பிள்ளையிடம் போகவில்லை. பையைத் திறந்து பச்சைக் கோப்பின் நகலை எடுத்தார்.

"நார்மல்னு இருக்கே. இதோ பாரு."

"இது உங்க எழுத்துல்ல?"

"படிவத்தை நான்தானே நிரப்பணும்."

தான் எழுதியதைத் தானே நம்பிவிட்டார் மனிதர். பொய் சொல்கிறவனுக்காவது அது பொய் என்று தெரிந்திருக்கும். மனைவி மறுநாள் லீவு சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்பினாள். இவரும் கோப்போடு பின்னாலேயே போனார்.

காது டாக்டரம்மா பிள்ளையைச் சின்னக் கண்ணாடி அறையில் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கை நிறைய மணிகள் கொடுத்தாள். சத்தம் வரும்போதெல்லாம் ஒரு மணியைக் கிண்ணத்தில் போட வேண்டும். பிள்ளை டக் டக்கென்று போட்டான். செக்லிஸ்ட் சார் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே ஒரு அட்டையை எடுத்துத் தன் கைக்கும் பிள்ளையின் கண்ணுக்கும் நடுவே நிறுத்தினாள். கருவியின் பொத்தானை அழுத்தினாள், சத்தத்தைக் கூட்டினாள், இன்னும் கூட்டினாள். பிள்ளை மணியைக் கையில் வைத்துக்கொண்டு அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கெட்டிக்காரன் சார். என் விரல் அசையறதப் பார்த்துத்தான் போட்டிருக்கான். வகுப்புலயும் அப்படித்தான் சமாளிச்சிருப்பான். பக்கத்துல இருக்கிற பிள்ளை திரும்பினா இவனும் திரும்புவான். ரெண்டு காதுலயும் பாதிக்கு மேல கேட்கிற திறன் போயிருக்கு."

மனைவி அழுதாள். செக்லிஸ்ட் சாருக்குத் தன் கைத்தட்டல் ஞாபகம் வந்தது. இருபது தலைகளும் ஒன்றாகவா திரும்பின, ஒன்றன்பின் ஒன்றாகவா? யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. அவர் அன்றைக்குத் தலைகளை எண்ணினாரே தவிரப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா விவரம் சொன்னாள். ஐந்து வயது முடிவதற்குள் விண்ணப்பித்தால் காதுக்கருவி உடனே கிடைக்கும். தாண்டிவிட்டால் வேறு பட்டியல், இரண்டு வருடக் காத்திருப்பு. பேச்சு வர வேண்டிய வருடங்கள் அதிலேயே போய்விடும். பிள்ளைக்கு ஐந்து முடிய இன்னும் ஒன்பது வாரம் இருந்தது. ஆனால் பள்ளிச் சோதனையில் நார்மல் என்று பதிவாகியிருக்கிறது. அப்படியானால் திடீரென்று வந்த குறை என்று ஆகும். ஸ்கேன் எடுத்து, ஆறு மாதம் கவனித்த பிறகுதான் கருவி.

"வேற வழி இல்லையா டாக்டர்?" என்றாள் மனைவி.

"அந்தச் சோதனையே நடக்கலைன்னு பள்ளி நிர்வாகி எழுதிக் கொடுத்தா உண்டு. யாரும்மா நிர்வாகி?"

"இவருதான்."

டாக்டரம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். ஒரு வெள்ளைத் தாளை அவர் பக்கம் தள்ளினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தால்கூட அவருக்குத் தேவலாம் போலிருந்திருக்கும்.

அன்று மாலை எழுத உட்கார்ந்தார். அப்போதும் மனிதர் திருந்தினாரா என்றால் இல்லை. வரிசை எண் பதினான்கில் மட்டும் எழுத்தர் பிழை நேர்ந்துவிட்டது என்று பூசி மெழுகினார். பள்ளியில் எழுத்தரே கிடையாது. மனைவி வாங்கிப் படித்தாள்.

"மத்த பத்தொம்பது பேரு?"

"அவங்களுக்கெல்லாம் நார்மல்தாம்மா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

செக்லிஸ்ட் சார் இருநூற்றுப் பதினெட்டுப் பக்கக் கையேட்டை எடுத்தார், திறக்காமலே வைத்துவிட்டார். தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, இருபது பேருக்கும் சோதனை நடக்கவில்லை, எண்களை நானே எழுதினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவர் வாழ்நாளில் எழுதிய தாள்களிலேயே உண்மையான தாள் அதுதான். அதுவும் தன் பிள்ளைக்காக எழுதியது, மற்றவர்களுக்காக அல்ல.

துறை அசையும்போது என்ன வேகம்! ஐந்து மாதமாகப் பழுதாகிக் கிடந்த சோதனைக் கருவி நாலே நாளில் சரியாகிவிட்டது. மூன்று பிரதிகளில் விளக்கம் கேட்டார்கள். சுவரில் இருந்த மூன்று சான்றிதழ்களையும் கழற்றி அனுப்பச் சொன்னார்கள், சட்டத்தோடு. ஆளை மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் அந்தக் கையேட்டை யார் படிப்பது? நர்ஸ் வந்து ஒவ்வொரு குழந்தையாகத் தனி அறையில் உட்காரவைத்துச் சோதித்தாள். பதினெட்டுப் பேருக்குக் காது சரி. பதினான்காம் எண்ணுக்கு இல்லை. ஒன்பதாம் எண்ணுக்கும் இல்லை.

பிள்ளையின் விண்ணப்பம் அந்த வாரமே போய்விட்டது. ஒன்பதாம் எண்ணின் படிவத்தை நிரப்பும்போதுதான் செக்லிஸ்ட் சார் அவளுடைய பிறந்த தேதியைப் பார்த்தார். விரல்விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். அழுத்தக்காரிக்குப் போன மாதமே ஐந்து முடிந்துவிட்டது.

துணி வெட்டுகிறவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் மகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, குழந்தைகளுக்கான குட்டி நாற்காலியில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள். செக்லிஸ்ட் சார் மேசையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார். கை தட்டியதை, எண்களை எழுதியதை, இரண்டு வருடப் பட்டியலை. சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். பெற்றோரின் கருத்தை அவர்கள் சொல்கிற வார்த்தையிலேயே எழுத வேண்டும் என்பது விதி. பழக்கதோஷம், பேனாவை எடுத்துவிட்டார்.

"உங்க கருத்து எதுவும் இருந்தா சொல்லுங்கம்மா. அப்படியே எழுதிக்கணும்."

"கருத்தா?" என்றாள் அவள். "காது அருமையா இருக்குன்னு சொன்னீங்க. கண்டிச்சு வைங்கன்னு சொன்னீங்க. துணி வெட்டுற மர ஸ்கேலாலதான் சார் கண்டிச்சேன். நாலு மாசமா. எதுக்கு அடிக்கிறேன்னே இவளுக்குத் தெரிஞ்சிருக்காது. எழுதிக்கோங்க."

சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்ளக் கையைத் தூக்கினாள். பக்கத்தில் நின்ற சின்னப்பெண் சட்டென்று இரண்டு உள்ளங்கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

செக்லிஸ்ட் சார் எழுதினார். அந்தக் கட்டத்தில் இரண்டு வரிக்குத்தான் இடம் விட்டிருந்தார்கள். மீதியை ஓரத்தில் எழுதினார்.