அறுவடை ரொட்டி காணாமல் போன சனிக்கிழமை

நெதர் பாம்ப்ரி கிராமத்தில் எது காணாமல் போனாலும் முதலில் ஆள் ஓடுவது காவல் நிலையத்துக்கு அல்ல, ஹெஸ்டர் பிளண்டெல் வீட்டுக்குத்தான். காவலரே அப்படித்தான் சொல்லி அனுப்புவார். ஹெஸ்டர், ரொட்டிக்கடை வால்ட்டரின் விதவை. கணவர் போன பிறகு அவளுக்கு மிஞ்சிய பெரிய சொத்து அவளுடைய மூக்கு. அதைப் பிறர் விவகாரத்தில் நுழைக்க ஊரே கதவைத் திறந்துவிட்டால் எப்படி இருக்கும்? அந்த ஊருக்கு அவள் அரசி மாதிரி இருந்தாள்.

எல்லாம் பால் புட்டியில் ஆரம்பித்தது. வால்ட்டரை அடக்கம் செய்த குளிர்காலத்தில் சன்னலோரம் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. அந்த நாட்களில் பால்காரர் வாசலில் வைத்துப் போகும் புட்டிகளின் தகடு மூடி கிழிந்து, மேலே மிதக்கும் பாலாடை மட்டும் காணாமல் போய்க்கொண்டிருந்தது. வாய்க்கால் வெட்டும் பெர்கின் மேல்தான் ஊருக்கெல்லாம் சந்தேகம். மதுக்கடையில் அவனுக்குக் குடிக்கக்கூட ஊற்றவில்லை. சன்னலை விட்டு நகராத ஹெஸ்டர்தான் பார்த்தாள்: நீலச் சிட்டுகள் வந்து மூடியைக் கொத்திக் கிழித்து, ஆடையைத் தின்றுவிட்டுப் பறந்தன. கோட்டை மாட்டிக்கொண்டு நேரே மதுக்கடைக்குப் போய் நடுவில் நின்று சொன்னாள். பெர்கின் அழுதேவிட்டான். வால்ட்டர் போனதிலிருந்து அவளுக்கு அன்றைக்குத்தான் பசி எடுத்தது.

அதன்பின் ஊருக்கு என்ன கேடு வந்ததோ, ஆண்டுதோறும் ஏதாவது ஒரு திருட்டு. கர்னலின் சேவல் காணாமல் போய் மணிக்கூண்டில் கிடைத்தது. மதுக்கடையின் பெயர்ப்பலகை வாத்துக் குளத்தில் கிடைத்தது. கிரிக்கெட் ஸ்டம்புகள் கல்லறைத் தோட்டத்தில் நடப்பட்டிருந்தன. எல்லாவற்றையும் ஹெஸ்டர் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததை உடனே சொல்லிவிடுவாளா? மாட்டாள். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயில் கூடத்தில் தேநீர் ஊற்றும்போது, கரண்டியால் கோப்பையைத் தட்டி, கூட்டம் அடங்கியபின் எழுந்து நின்று சொல்வாள். வேண்டுமென்றே கொஞ்சம் இழுத்துத்தான் சொல்வாள். அந்த நிமிடத்துக்காகத்தான் அவள் உயிரோடு இருந்தாள் என்றால் மிகையில்லை.

வியாழன்தோறும் மேவிஸ் டக்கர் சீமைச்சோம்பு போட்ட கேக்கோடு வருவாள். பள்ளிக்கூட நாளிலிருந்து கூடவே வந்த சிநேகிதி. "ஒன் மூளைக்கு நீ லண்டன்ல இருக்க வேண்டியவடி" என்று அவள் சொல்லும்போதெல்லாம் ஹெஸ்டர் இன்னொரு துண்டு எடுத்துக்கொள்வாள்.

இந்த முறை காணாமல் போனது அறுவடை ரொட்டி. கோதுமைக் கதிர்க்கட்டு மாதிரி வடித்து, தண்டில் ஒரு குட்டி எலி ஏறுவதுபோல மாவிலேயே செய்து ஒட்டிய பெரிய ரொட்டி. அறுவடைத் திருநாளுக்கு அதைப் பீடத்தில் வைக்க வேண்டும். வால்ட்டர் இருந்தவரை அவர் செய்தார். பிறகு அவருடைய அடுப்பிலேயே ஹெஸ்டர் செய்தாள். எலியின் வால் மட்டும் அவர் கைக்கு வந்தமாதிரி அவளுக்கு வராது. அதற்காக வருடாவருடம் கொஞ்சம் அழுவாள்.

சனிக்கிழமை பாதிரியார் கிரிப்ஸ் மூச்சு வாங்க ஓடி வந்தார். "அம்மா, ரொட்டியைக் காணோம்! நீங்கதான் வரணும்."

அவள் நெஞ்சு வெட்கமில்லாமல் துள்ளியது. வால்ட்டரின் ரொட்டியை எவனோ தொட்டுவிட்டான் என்ற கோபமும் இருந்தது.

கோயிலுக்குள், பூசணிக்காய்களுக்கும் ஆப்பிள்களுக்கும் நடுவே பீடத்தில் ஒரு வெற்றிடம். அங்கிருந்து தரையில் ரொட்டித்தூள் ஒரு கோடாக ஆர்கன் வாத்தியத்தின் பின்பக்கம் போனது. ஹெஸ்டர் முட்டி போட்டுத் தூளைத் தொட்டாள். மெத்தென்று இருந்தது. அவள் விரல் அப்படியே நின்றது. அறுவடை ரொட்டி உப்பு ஏற்றி, எலும்பாகக் காயும்வரை சுட்டது. சுத்தியலால் அடித்தால்தான் உடையும், தூள் உதிராது. ரொட்டிக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? ஒரு துணுக்கை நாக்கில் வைத்தாள். சீமைச்சோம்பு.

ஆர்கனுக்குப் பின்னால் ரொட்டி இருந்தது. வெளுத்த துணியில் பத்திரமாகச் சுற்றி, எலியின் வால்கூட முறியாமல். அவள் அதை எடுக்கவில்லை. துணியைப் பழையபடி மூடிவிட்டு, பாதிரியாரிடம் ஒன்றும் சொல்லாமல் மேவிஸ் வீட்டுக்கு நடந்தாள்.

"வாடி, வா! துப்பு கெடச்சுதா?" என்றாள் மேவிஸ்.

"கெடச்சுது. ஒன் கேக்கு." ஹெஸ்டர் உட்காரவில்லை. "ரொட்டிய எதுக்குடி எடுத்தே?"

மேவிஸின் முகம் வெளுத்தது. "நான் எடுக்கலடி. பாதிரியார்தான் தூக்கிட்டுப் போனாரு. நான் தூள் மட்டுந்தான் போட்டேன்."

"பாதிரியாரா?"

"எல்லாம் ஒனக்காகத்தாண்டி. பால் புட்டி விவகாரம் முடிஞ்சதும் நீ திரும்பப் போயி சன்னல்ல உக்காந்துட்டே. சோறு தண்ணி கெடையாது. எங்களுக்குப் பயமாப் போச்சு. கர்னல்தான் சொன்னாரு, என் சேவல ஒளிச்சு வைங்கன்னு."

"சேவலுமா? அந்தப் பலகை? ஸ்டம்பு?"

மேவிஸ் தலை குனிந்துகொண்டாள்.

"ஒண்ணாவது நெசம் உண்டாடி?"

"பால் புட்டி நெசந்தானே, ஹெஸ்டர்."

"சிரிச்சீங்களா?"

"என்னடி கேக்கறே?"

"மதுக்கடையில உக்காந்து, நான் கோப்பையத் தட்டினது, இழுத்து இழுத்துப் பேசினது, அதையெல்லாம் சொல்லிச் சிரிச்சீங்களா?"

மேவிஸ் மேசைத் துணியை இழுத்துச் சரிசெய்தாள். "கொஞ்சம் சிரிச்சிருப்போம். பிரியமாத்தாண்டி."

"வால்ட்டரோட ரொட்டியையும் வெளையாட்டுச் சாமான் ஆக்கிட்டீங்க" என்றாள் ஹெஸ்டர். எதிரி என்று ஒருத்தன் இருந்தால் பிடித்துக் கொடுக்கலாம். இங்கே ஊரே சேர்ந்து அன்பு என்ற பெயரில் அவள் கண்ணைக் கட்டியிருந்தது. அது அவளுக்குத் தாங்கவில்லை.

ஞாயிறன்று கூடத்தில் எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கரண்டியால் கோப்பையைத் தட்டினாள். கூட்டம் அடங்கியது. சில முகங்களில் சிரிப்பு இப்போதே தயாராக இருந்தது. இத்தனை வருடமும் அது தன் கண்ணில் எப்படிப் படாமல் போயிற்று?

"தேடிப் பாத்தேன். யார் எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியல" என்றாள். "தோத்துட்டேன்."

பாதிரியார் இருமினார். "இன்னும் கொஞ்சம் தேடினா, அந்த ஆர்கன் பக்கம்…"

"எனக்கு வயசாயிடுச்சுங்கய்யா. எடுத்தவங்களே கொண்டாந்து வைக்கட்டும்."

ஒருவரும் அசையவில்லை. யார் கொண்டுவந்து வைப்பது? வைத்தால் திருடன் ஆகிவிடுவார்களே. ஹெஸ்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசியில், கதவோரம் நின்ற பெர்கினைப் பார்த்தாள். இவனுக்காவது தெரியாமல் இருக்க வேண்டும் என்று அவள் மனசு கெஞ்சியது. பெர்கின் குனிந்து தன் காலணியைப் பார்த்தான்.

அவள் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

அடுத்த வியாழன் மேவிஸ் வந்து கதவைத் தட்டினாள். "ஹெஸ்டர்! தெறடி! நானும் மனுஷிதானே!" என்று கூப்பிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு கேக் டப்பாவைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் பால் எடுக்கக் கதவைத் திறந்த ஹெஸ்டர், டப்பாவைக் காலால் ஓரமாகத் தள்ளினாள்.

பால் புட்டியின் மூடி கிழிந்திருந்தது. ஆடையைக் காணோம்.

இந்தப் பருவத்தில் சிட்டுகள் வருவதுதான். முன்பானால் அவளுக்குச் சிரிப்பு வந்திருக்கும். இன்றைக்கு அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அந்தக் கிழிசலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அது அலகு கிழித்ததா, மேவிஸின் விரல் நகம் கிழித்ததா, அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.