வீடு வாடகைக்கு இருக்கா?

துப்பறியற வேலைன்னா கறுப்புக் கண்ணாடி, தொப்பின்னு நினைக்காதீங்க. சென்னையில இதுக்கு வேண்டியது ஒரு கட்டைப்பையும், பாத்ரூம் இல்லாமப் பொழுதை ஓட்டற வைராக்கியமும்தான். வெயில்ல அலைஞ்சு பிழைக்கற அக்கா தங்கச்சிங்களா, உங்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்!

மூஞ்சி ராசி

தி. நகர்ல ஒரு துப்பறியும் ஆபீஸ்ல நான் ரிசப்ஷன். ஃபோனை எடுத்து "சார் வெளியில போயிருக்காரு"ன்னு சொல்லணும். எனக்கும் வெளியில போகணும்னு முதலாளியை நச்சரிச்சுக்கிட்டே இருந்தேன்.

ஒருநாள் மயிலாப்பூர்லேர்ந்து ஒரு அப்பா வந்தார். வெள்ளிக்கிழமை பொண்ணுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைக்குப் பெருங்குடியில ஐ.டி. வேலை, வேளச்சேரியில ஃப்ளாட். பொண்ணுக்கும் பிடிச்சுப்போச்சு. ஆனா பையன் பக்கம் பேச வந்தது சித்தப்பான்னு ஒருத்தர் மட்டும்தான். அதுதான் அவருக்கு உறுத்தல். எங்க ஆளுங்க யாரும் ஊர்ல இல்ல. முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உன் மூஞ்சி யாருக்கும் ஞாபகத்துல நிக்காது. போய்ட்டு வா. கோட்டை விட்டே, அப்புறம் ஆயுசுக்கும் ஃபோன்தான்."

ஹெல்மெட்

பையன் வேலை முடிஞ்சு எங்க போறான்னு பாக்க, பெருங்குடி ஆபீஸ் வாசல்ல ஆட்டோவோட நின்னேன். வெளியில வந்தவன் எல்லாம் நீலச் சட்டை, முதுகுப்பை, ஹெல்மெட்! வண்டி கலரை வெச்சு ஒருத்தனைப் பிடிச்சு அடையாறு வரைக்கும் துரத்தினேன். ஒரு கேட் முன்னாடி நிறுத்தி ஹெல்மெட்டைக் கழட்டினான். முழு வழுக்கை, அம்பது வயசு! நேரா என் ஆட்டோகிட்ட வந்தார்.

"எங்க வீட்டுக்காரி அனுப்பினாளா? சிகரெட்டை விட்டுட்டேன்னு சொல்லிடுங்கம்மா."

எந்தக் கதவும் திறக்கும்

மானம் போச்சு. மறுநாள் வேளச்சேரிக்கே போய், மாப்பிள்ளையோட எதிர் ஃப்ளாட் மணியை அடிச்சு, "வீடு வாடகைக்கு இருக்கா?"ன்னேன். இந்த ஊர்ல இதைக் கேட்டா சமையலறை வரைக்கும் கூட்டிட்டுப் போவாங்க. ஆனா அந்தம்மா என்னை விசாரிச்சாங்க பாருங்க, எத்தனை பேரு, அசைவமா, வீட்டுக்காரர் குடிப்பாரான்னு... துப்பறியறது நானா அவங்களான்னு ஆயிடுச்சு!

மெதுவா எதிர் வீட்டைப் பத்திக் கேட்டேன். அந்தப் பையனோட பொண்டாட்டி பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போயிருக்காளாம். வளைகாப்புல குடுத்த கண்ணாடி வளையலைக் கையை ஆட்டிக் காட்டினாங்க. "புடவை கலர் எப்படி? நாத்தனாருக்குக் காட்டணும்"னு சொல்லி, வளைகாப்பு ஃபோட்டோவை என் ஃபோனுக்கே அனுப்ப வெச்சுட்டேன்.

"பாருங்க, பொண்டாட்டி கன்னத்துல சந்தனம் பூசறப்ப அந்தப் பையனோட வெக்கத்தை!"

முதல் எலை

வியாழக்கிழமை மயிலாப்பூர் வீட்டுல ஃபோட்டோவைக் காட்டினேன். அப்பா அப்படியே உக்காந்துட்டார். பொண்ணு பார்த்துக்கிட்டே இருந்தா. ரெண்டு சொட்டு கண்ணீர் ஃபோன் மேலயே விழுந்துது. பாவி, இவளை மட்டுமா, அந்தப் புள்ளத்தாச்சியையும்ல ஏமாத்தியிருக்கான்! சட்டுன்னு அவ கண்ணைத் தொடைச்சுக்கிட்டு என் கையைப் பிடிச்சா.

"சமையல்காரரை வேண்டாம்னு சொல்லிடாதப்பா. நான் தப்பிச்சதுக்கு நாளைக்கு எல்லாருக்கும் சாப்பாடு போடுவோம். முதல் எலை இந்த மாமிக்கு!"

ஆக, அன்னிலேர்ந்து இதே வாடகைக் கேள்வியைக் கேட்டுத் தென்சென்னையில பாதி வீட்டுக்குள்ள போய்ப் பாத்தாச்சு, ஒழுகற எங்க மேற்கு மாம்பலம் வீட்டை மாத்தத்தான் நேரமில்ல, ஏன்னு ஆபீஸுக்கு அடிச்சுக் கேளுங்க, முதலாளியே எடுத்து "அம்மா வெளியில போயிருக்காங்க"ம்பார்.