மட்டம் பார்த்துக் கட்டிய கூரை

ஓய்வு பெற்ற பிறகு நான் ஆசைப்பட்டு வாங்கிய ஒரே பொருள் ஒரு பழைய பிக்கப் வண்டி. முன்னால் ஐந்து பேர் உட்காரலாம். பின்னால் திறந்த தொட்டி. போக்குவரத்து அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் பிறர் வண்டிகளைச் சுற்றி வந்து குறை கண்டுபிடித்தவன் நான். எனக்கென்று இருந்தது ஒரு ஸ்கூட்டர். அதில் ஒரு பக்கக் கண்ணாடி கிடையாது. அதைக் கேட்க வேண்டிய அதிகாரி நானே என்பதால் யாரும் கேட்டதில்லை.

வண்டி செவிலிமேட்டில் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்ற அன்று என் மனைவி அதை ஒரு சுற்று சுற்றி வந்தாள். நான் அலுவலகத்தில் பார்த்ததைவிட நன்றாகவே பார்த்தாள்.

"இதுல இன்னாத்த ஏத்தப் போறீங்க?"

"நம்மளத்தான். பின்னால படுக்கை, மேல கூரை. எங்கயாவது மரத்தடியில நிறுத்திட்டு ஒரு ராத்திரி தங்கலாம்."

"வெளியில படுக்கறதுக்கு வண்டி எதுக்கு? கட்டில தூக்கி வாசல்ல போட்டா ஆவாதா?"

யோசனை பெங்களூரில் வேலை பார்க்கும் மகளுடையது. வண்டியிலேயே படுத்து, வண்டியிலேயே சமைத்து, ஊர் ஊராகப் போகும் குடும்பங்களின் வீடியோக்களை எனக்கு அனுப்பிக்கொண்டே இருந்தாள். அந்தக் குடும்பங்களில் யாருமே சண்டை போடவில்லை என்பதைக் கவனித்து நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

மனைவி கடைசியில் ஓர் உத்தரவு போட்டாள். "ஒரே ஒரு தடவ வர்றேன். எனக்குப் புடிக்கலன்னா வண்டிய வித்துடணும். அப்புறம் அது இதுன்னு சட்டம் பேசக் கூடாது."

ஒப்புக்கொண்டேன். மேல்முறையீட்டுக்கு இடம் இல்லாத உத்தரவு பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும்.

இனி வண்டியை மாற்ற வேண்டும். ஆனால் மாற்றக் கூடாது. பதிவுச் சான்றில் இருக்கும் வண்டியும் சாலையில் ஓடும் வண்டியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது விதி. கூரையை வெல்டிங்கில் பற்றவைத்தால் அது மாற்றம். கட்டிலை போல்ட் போட்டு முடுக்கினால் அதுவும் மாற்றம். மாற்றத்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும். அந்த அனுமதியை எத்தனை வகையில் தள்ளிப்போடலாம் என்பதை அறிந்தவன் எவனும் அதற்கு விண்ணப்பிக்க மாட்டான். நல்ல வேளையாக, கயிறு போட்டுக் கட்டியது எதுவும் மாற்றம் ஆகாது. அது லோடு. படுக்கை, அலமாரி, கூரை எல்லாம் லோடாக ஏறி லோடாக இறங்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இதை என் மச்சினனிடம் சொன்னேன். மனைவியின் தம்பி, பிள்ளையார்பாளையத்தில் இரண்டு பட்டுத் தறி வைத்திருப்பவன். சொல்லி முடிப்பதற்குள் அவன் கண் மின்னியது.

"ஆணியே இல்லாம கட்டணும், அவ்ளோதான மாமா? எங்க தறிய வந்து பாருங்க. பாதி வேல கயிறுதான் செய்யுது. உட்டுடுங்க எங்கிட்ட."

விட்டேன். அவன் நான்கு மூலைக்கும் நான்கு சவுக்குக் கம்பு நிறுத்தி, மேலே ஒரு மரச் சட்டத்தில் தார்ப்பாயைக் கட்டினான். வண்டி ஓடும்போது சட்டம் தாழ்ந்து கிடக்கும். நிறுத்திய இடத்தில் உயர்த்திக்கொள்ளலாம். உயர்த்துவதற்கு வேறு யாராக இருந்தாலும் கையால் சுற்றும் ஏதாவது வைத்திருப்பான். இவன் மிதி வைத்தான். தறியில் காலால் மிதித்தால் இழைகள் மேலே ஏறுமே, அதே ஏற்பாடு. தொட்டியின் பின்பலகையைத் திறந்து, அதன்மேல் உட்கார்ந்து காலைத் தொங்கவிட்டால் இரண்டு மிதிகள். வலது மிதி கூரையின் வலப்பக்கத்தைத் தூக்கும், இடது மிதி இடப்பக்கத்தை. தூக்கியதும் கயிற்றைக் கொக்கியில் மாட்டிவிடலாம். கொக்கியில் மாட்டிய பிறகும் ஒரு சாண் தூக்க இடம் விட்டிருந்தான். எதற்கு என்று கேட்டேன். "சும்மா இருக்கட்டும் மாமா" என்றான்.

தார்ப்பாயை இழுத்துக் கட்டியதுதான் பெரிய வேலை. விடியற்காலையில் தறிக்கான பாவு நூலை நீட்டி விறைப்பாக்கும் அதே தெருவில் வண்டியை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தோம். அந்த நெசவுக் குடும்பத்தில் ஒருவனைப் பார்த்துச் சொல்லக் கூடாத வார்த்தை ஒன்று உண்டென்றால் அது தொய்வு. மச்சினன் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, தார்ப்பாயின் விளிம்பைப் பார்ப்பான். மயிரிழை இறங்கினாலும் அவிழ்த்து மறுபடியும் கட்டுவான்.

எதிர்வீட்டு அம்மாள் வாளியோடு வந்து நின்றாள். "இன்னாபா, தார்ப்பாயில முகூர்த்தப் பொடவயா? ஜரிக எப்ப போடுவ?"

"போயேன் அத்த. ஒனக்குத்தான் மொதல் பொடவ."

கட்டி முடித்ததும் ஒரு சொம்புத் தண்ணீரைத் தார்ப்பாயின் நடுவில் ஊற்றினான். தண்ணீர் அங்கேயே, தோசை மாதிரி வட்டமாக நின்றது.

"பாத்தீங்களா மாமா? எந்தப் பக்கமும் ஓடல. அப்படியே நிக்கிது."

நானும் குனிந்து பார்த்தேன். ஒரு துளி நகரவில்லை. உயரமும், லோடுக்கு விதிப்படி இதற்கு மேல் போகக் கூடாது என்று நான் சொல்லியிருந்த அளவுக்குள் இருந்தது. "பிரமாதம்" என்றேன். சட்டம் படித்த ஒருவனும் தறி தெரிந்த ஒருவனும் தண்ணீர் வழியாத ஒரு கூரையைச் சுற்றி நின்று அரை மணி நேரம் பெருமைப்பட்டோம்.

மகள் விடுப்பில் வந்தாள். தாமல் ஏரிக்குப் பக்கத்தில் மச்சினனின் சிநேகிதருக்கு ஒரு மாந்தோப்பு உண்டு. ஏரிக்கரை யார் பொறுப்பு, அங்கே தங்க எவரிடம் கேட்க வேண்டும் என்று நான் விளக்க ஆரம்பித்தபோதே தோப்பு என்று மற்ற மூவரும் முடிவு செய்துவிட்டார்கள். நான்கு பேரும் கிளம்பினோம். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்ச தூரம் போவதற்குள் ஓர் இளம் வாகன ஆய்வாளர் கையைக் காட்டினார். எனக்கு உடம்பெல்லாம் இனித்தது.

"என்ன சார் இது? ஆல்டரேஷனுக்குப் பர்மிஷன் இருக்குதா?"

"ஆல்டரேஷனே இல்லை. லோடு."

அவர் கம்பை ஆட்டிப் பார்த்தார். போல்ட்டைத் தேடினார். குனிந்து அடியில் பார்த்தார். நானும் கூடவே குனிந்தேன்.

"கூரை?"

"லோடு."

"படுக்கை?"

"லோடு."

உள்ளே இருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "நானும் லோடுதாம்பா. இங்கியே எறக்கிட்டீன்னா பஸ்ஸப் புடிச்சி ஊட்டுக்குப் போயிடுவேன்."

அவர் சிரித்து எங்களை விட்டுவிட்டார். எனக்கு வருத்தம். பிரிவு வாரியாகச் சொல்ல இன்னும் நிறைய இருந்தது.

தோப்பில் நிறுத்தினோம். மச்சினன் மிதித்தான், கூரை ஏறியது, மகள் கைபேசியில் படம் எடுத்தாள். மனைவி அடுப்பு எங்கே என்று மட்டும் கேட்டாள். வண்டியில் சிலிண்டர் கொண்டுவருவதைப் பற்றிய விதிகளைச் சொன்னேன். பிளாஸ்கையும் கட்டுச் சோற்றையும் எடுத்து வைத்துவிட்டு, "அடுப்பில்லாத குடித்தனம்" என்றாள். மகள் என்னைப் பார்த்து, வண்டி போச்சு என்பது போலக் கையைக் காட்டினாள். சோறு உள்ளே போன பிறகு எறும்பு வந்தது. எறும்புக்குப் பிறகு கொசு. ஒவ்வொன்றுக்கும் மனைவி தலையை ஆட்டிக்கொண்டாள். சேர்த்துவைத்துத் தீர்ப்பு எழுதும் நீதிபதிகளும் இப்படித்தான் ஆட்டுவார்கள்.

சாயங்காலம் ஏரிப்பக்கத்திலிருந்து மழை வந்தது. நல்ல மழை. நால்வரும் கூரைக்கு அடியில் ஒடுங்கினோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. மச்சினன் என்னைப் பார்த்தான். நான் மனைவியைப் பார்த்தேன். அவள் பின்பலகையில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, டீயைக் குடித்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"டேய், அது இன்னாடா, கர்ப்பமா கீது?"

தார்ப்பாயின் நடுவில் ஒரு வயிறு இறங்கியிருந்தது. பார்க்கப் பார்க்கப் பெரிதாகிக்கொண்டிருந்தது. வழிய எந்தப் பக்கமும் சரிவு இல்லாததால் பெய்த மழை மொத்தமும் மேலேயே தங்கிவிட்டது.

மழை விட்டதுதான் தாமதம், மச்சினன் கீழே குதித்தான். தலைக்கு மேல் ஒரு குளம் தொங்குகிறது என்பது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. "தொய்வு உழுந்துடுச்சி மாமா! எப்டி உழுந்துச்சி?" என்று அழாத குறை. நானும் இறங்கினேன். இருவரும் வண்டியின் இடப்பக்கம், கூரையின் விளிம்புக்கு நேர் கீழே நின்று காரணத்தை ஆராய்ந்தோம்.

"நடுவுல உசத்திக் கட்டலாம்னு நெனச்சேன். நீங்கதான் ஒயரம் ஒயரம்னீங்க."

"உயரம் சொன்னேன். சரிவு வேணாம்னு சொன்னேனா?"

"சொம்புத் தண்ணி ஊத்தினப்ப பிரமாதம்னது யாரு?"

"ஓடாம நிக்குதுன்னு காட்டினது யாரு?"

பேச்சு சூடு பிடித்தது. அவன் முட்டி போட்டு, ஒரு கண்ணை மூடி, விளிம்பைக் காட்டினான். நானும் பக்கத்தில் குனிந்து ஒரு கண்ணை மூடினேன். எங்களுக்குப் பின்னால் மனைவி டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. மகள் சொன்னது இப்போது அவள் எடுத்த வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது: "அம்மா, வேணாம்மா."

கல்யாணத்துக்கு முன் என் மனைவியும் தறியில் உட்கார்ந்தவள்தான். வலது மிதியில் கால் வைத்து, சும்மா இருக்கட்டும் என்று தம்பி விட்டிருந்த அந்த ஒரு சாண் உயரத்துக்கும் கூரையின் வலப்பக்கத்தை ஒரே மிதியில் தூக்கினாள்.

குளம் முழுவதும் இடப்பக்கம் புரண்டு எங்கள் இருவர் தலையிலும் இறங்கியது. தண்ணீரோடு மாவிலைகளும் ஒரு தவளையும் வந்தன. நான் உட்கார்ந்துவிட்டேன். மச்சினன் முட்டி போட்டபடியே இருந்தான். ஒரு கண் இன்னும் மூடியிருந்தது.

என் மனைவி சிரித்தாள். பின்பலகையைப் பிடித்துக்கொண்டு, இருமி, கண்ணைத் துடைத்து, எங்களைப் பார்த்துவிட்டு மறுபடியும் சிரித்தாள். அவள் அவ்வளவு நேரம் சிரித்து நான் பார்த்ததில்லை. தவளை என் மடியிலிருந்து இறங்கிப் போகும்வரை காத்திருந்து, வண்டியைப் பற்றிக் கேட்டேன்.

"விக்கணுமா?"

"யாரு விக்கச் சொன்னது?" என்றாள். பிறகு தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நீ பாட்டுக்கு நடுவுல தூக்கிக் கீக்கி கட்டிடாத. இப்டியே மட்டமா இருக்கட்டும்."

கூரை இன்றுவரை மட்டமாகவே இருக்கிறது. அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும் வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். மகளிடம் தினமும் போனில் மழை நிலவரம் கேட்கிறாள். வெயில் அடிக்கும் என்று சொன்னால் முகம் வாடிப்போகிறது.